சிங்கப்பூர் ஆகாயப்படை: வானம் போதாத நாட்டின் வான்வழித் தற்காப்பு

சிங்கப்பூர்க் குடியரசு ஆகாயப்படை, தென்கிழக்காசியாவிலேயே பரப்பளவில் மிகச் சிறிய நாடான சிங்கப்பூரின் வான்வழித் தற்காப்புப் பிரிவாகும். விமானப்படை, வான்படை என்று தமிழகத்திலும் இலங்கையிலும் சொல்லப்படுவதைச் சிங்கப்பூர்த் தமிழர் ஆகாயப்படை என்பர். இக்கட்டுரையிலும் அவ்வழக்கே பின்பற்றப்படுகிறது. இப்படை 1968 செப்டம்பர் 1 அன்று வான் தற்காப்புக் கட்டளைப்பிரிவாகத் தொடங்கி, 1975 ஏப்ரல் 1 முதல் இன்றைய பெயரைத் தாங்கியுள்ளது. எஃப்-15, எஃப்-16 போர் விமானங்கள், அப்பாச்சி, சினூக் ஹெலிகாப்டர்கள், நடுவானில் எரிபொருள் நிரப்பும் விமானங்கள் எனப் பல பெரிய நாடுகளிடமும் இல்லாத கருவிகள் இதனிடம் உள்ளன. எண்ணிக்கை விவரங்களை அரசு முழுமையாக வெளியிடுவதில்லை. போர் விமானங்கள் மட்டும் நூறு அளவில் இருக்கலாம் என்பது வெளியார் மதிப்பீடு.

விமானப் பட்டியலை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது பணக்கார நாடு ஒன்றின் ஆடம்பரமாகத் தோன்றக்கூடும். ஆனால் இப்படையின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால் பணத்தைவிட வேறொரு பற்றாக்குறையே அதன் வடிவத்தைத் தீர்மானித்திருப்பது தெரியவரும். சிங்கப்பூரிடம் விமானங்கள் உண்டு. அவை பறப்பதற்கான வானம் மிகக் குறைவு.

இரண்டு நிமிட வானம்

சிங்கப்பூர்த் தீவு கிழக்கு மேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டரும் வடக்கு தெற்காக 27 கிலோமீட்டரும் கொண்டது. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஜெட் விமானம் ஒரு நிமிடத்தில் 15 கிலோமீட்டர் கடக்கும். அதாவது தீவின் தென்கரையிலிருந்து வடகரையைத் தாண்ட இரண்டு நிமிடம்கூட ஆகாது. வடக்கே ஜொகூர் நீரிணைக்கு அப்பால் மலேசியா. நீரிணையின் அகலம் பல இடங்களில் ஒரு கிலோமீட்டர் அளவுதான். தெற்கே குறுகிய கடலுக்கு அப்பால் இந்தோனேசியாவின் தீவுகள். எஞ்சிய சிறு வானத்தையும் சாங்கி விமான நிலையத்தில் நாளொன்றுக்கு ஆயிரம் அளவில் இறங்கி ஏறும் பயணிகள் விமானங்களோடு பங்கிட்டாக வேண்டும்.

பெரிய நாட்டின் எல்லையோரத் தளம் தாக்கப்பட்டால் விமானங்களை உள்நாட்டுத் தளங்களுக்குப் பின்வாங்கிக்கொள்ளலாம். சிங்கப்பூருக்கு உள்நாடு என்று ஒன்று இல்லை. இதன் விளைவை அத்தீவு ஒருமுறை நேரடியாகவே அனுபவித்திருக்கிறது. 1941 டிசம்பர் 8 அதிகாலையில் ஜப்பானியக் குண்டுகள் நகரத்தின் மீது விழுந்தபோது பிரித்தானியரிடம் இருந்த போர் விமானங்கள் எண்ணிக்கையிலும் திறத்திலும் போதாதவை. அடுத்த எட்டு வாரங்களில் ஜப்பானியப் படை மலாயா வழியாக ஜொகூர் கரைக்கு வந்து சேர்ந்தது. தெங்கா, செம்பவாங், சிலேத்தார் ஆகிய மூன்று விமானத்தளங்களும் தீவின் வடபகுதியில் இருந்ததால், நீரிணைக்கு அப்பாலிருந்து வந்த பீரங்கிக் குண்டுகளுக்கே அவை இலக்காயின. பயன்படுத்த மீந்தது காலாங் மட்டுமே. எஞ்சிய விமானங்களில் பெரும்பாலானவை சுமத்ராவுக்கு அனுப்பப்பட்டன. 1942 பிப்ரவரி 15 அன்று நகரம் சரணடைந்தது. கடலிலிருந்து வரும் தாக்குதலுக்குப் பெரும் பீரங்கிகளோடு காத்திருந்த கோட்டை வானத்தை இழந்த பிறகு வீழ்ந்தது என்ற பாடத்தைப் பின்னாளில் சிங்கப்பூரின் தலைவர்கள் மறக்கவில்லை.

பிரித்தானியர் விட்டுச்சென்ற வெற்றிடம்

1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் தனிநாடானபோது அதனிடம் இரண்டு காலாட்படைப் பிரிவுகள் இருந்தன. ஒரு போர் விமானம்கூட இல்லை. வான் பாதுகாப்பைப் பிரித்தானியரே கவனித்துக்கொண்டனர். அவர்கள் நெடுங்காலம் இருப்பார்கள் என்ற நம்பிக்கையும் இருந்தது. 1967இல் வெளியான பிரித்தானிய அறிக்கை எழுபதுகளின் நடுப்பகுதியில் வெளியேறப்போவதாகக் கூறியது. 1968 ஜனவரியில் பிரதமர் ஹெரால்ட் வில்சன் அந்தக் காலக்கெடுவை 1971க்கு முன்னிழுத்தார். பிரித்தானியத் தளங்களின் செலவினம் அன்றைய சிங்கப்பூர்ப் பொருளாதாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. ஆக, வருமானமும் பாதுகாப்பும் ஒரே நேரத்தில் பறிபோகும் நிலை ஏற்பட்டது.

அந்த ஆண்டு செப்டம்பரிலேயே வான் தற்காப்புக் கட்டளைப்பிரிவு நிறுவப்பட்டது. விமானிகளும் தொழில்நுட்பர்களும் பிரித்தானியாவுக்குப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டனர். 1969இல் வந்து சேர்ந்த முதல் விமானங்கள் செஸ்னா-172 என்ற சிறு பயிற்சி விமானங்கள், எண்ணிக்கை எட்டு. பறக்கும் கழகங்களில் பொழுதுபோக்காக ஓட்டும் அதே வகை விமானம்தான். தொடர்ந்து அலுவெட் ஹெலிகாப்டர்களும் ஸ்ட்ரைக்மாஸ்டர் இலகுரகத் தாக்குதல் விமானங்களும் வந்தன. 1970இல் பிரித்தானியப் படையில் பயன்படுத்திப் புதுப்பிக்கப்பட்ட ஹாக்கர் ஹண்டர் போர் விமானங்கள் வரத் தொடங்கின. பிரித்தானியர் விட்டுச்சென்ற பிளட்ஹவுண்ட் ஏவுகணைகளும் கைக்கு வந்தன. 1971இல் தெங்கா தளம் சிங்கப்பூரிடம் ஒப்படைக்கப்பட்டபோது, செஸ்னா வந்து முழுதாக மூன்றாண்டு ஆகியிருக்கவில்லை.

1971 நவம்பரில் பிரித்தானியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய ஐந்து நாடுகளின் தற்காப்பு ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. மலேசியா, சிங்கப்பூர் இரண்டுக்குமான கூட்டு வான் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகம் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் அமைந்தது. ஒன்றையொன்று ஐயத்தோடு பார்த்த இரு அண்டை நாடுகள் ஒரே வான் பாதுகாப்பு அமைப்பில் இருப்பது விந்தையாகத் தோன்றலாம். அவ்வேற்பாடு இன்றும் நீடிக்கிறது.

பழைய விமானத்தில் புதிய இயந்திரம்

ஆரம்பகாலத் தொகுதியில் மிக நீண்ட கதை ஸ்கைஹாக் விமானத்துடையது. 1972இல் அமெரிக்கக் கடற்படை ஒதுக்கிவைத்திருந்த நாற்பது ஏ-4 ஸ்கைஹாக் விமானங்களைச் சிங்கப்பூர் வாங்கியது. அவற்றை அப்படியே பறக்கவிடவில்லை. முதல் எட்டு அமெரிக்காவில் பிரித்துப் புதுப்பிக்கப்பட்டன. எஞ்சியவை சிங்கப்பூரிலேயே புதுப்பிக்கப்பட்டன. ஹண்டர் விமானங்களில் இருந்த அதே 30 மில்லிமீட்டர் பீரங்கிகள் இவற்றிலும் பொருத்தப்பட்டன. இதனால் இரண்டுக்கும் ஒரே வகைக் குண்டுகளைச் சேமித்தால் போதும் என்றாயிற்று. பயிற்சி தருவதற்கு இரண்டு இருக்கை விமானம் தேவைப்பட்டது. அதற்கு முன்னும் பின்னுமாக இரண்டு தனித்தனி விமானியறைகளும், ஒவ்வொன்றுக்கும் தனிக் கண்ணாடிக் கூண்டும் கொண்ட ஒரு வடிவம் உருவாக்கப்பட்டது. உலகில் வேறெந்த நாட்டின் ஸ்கைஹாக்கும் அந்தத் தோற்றத்தில் இருந்ததில்லை. பார்ப்பதற்கு அழகானது என்று சொல்ல முடியாது. ஆனால் வேலைக்கு உதவியது.

எண்பதுகளின் நடுவில் பழைய இயந்திரங்களின் கோளாறால் அடுத்தடுத்து விபத்துகள் நேர்ந்தன. புது விமானம் வாங்குவதா, இருப்பதைச் சீர்செய்வதா என்ற கேள்வி எழுந்தது. எஃப்-18 விமானத்தில் பயன்படும் எஃப்-404 இயந்திரத்தின் ஒரு வகையை ஸ்கைஹாக்கில் பொருத்த முடிவாயிற்று. உந்துவிசை கால் பங்குக்கும் மேல் கூடியது. சூப்பர் ஸ்கைஹாக் எனப்பட்ட அந்த விமானம் 2005 வரை முன்னணிப் படையிலும், 2012 வரை பயிற்சியிலும் பறந்தது. ஐம்பதுகளில் வடிவமைக்கப்பட்ட ஒரு விமானத்திலிருந்து அத்தனை ஆண்டுச் சேவையைப் பெற்றது சாதாரணம் அல்ல. அதைவிட முக்கியமானது, அந்த வேலையினூடே சிங்கப்பூரில் வளர்ந்த தொழில்திறன். விமானப் பராமரிப்புக்காக 1975இல் அமைக்கப்பட்ட அரசு நிறுவனமும் அதன் உடன்பிறப்புகளும் பின்னாளில் உலகின் பயணிகள் விமானங்களைப் பழுதுபார்க்கும் பெருந்தொழிலாக விரிந்தன.

எஃப்-5 விமானங்கள் 1979இலும், எஃப்-16 விமானங்கள் 1988இலும், எஃப்-15 எஸ்ஜி விமானங்கள் 2010இலும் வந்தன. எஃப்-16இன் தொடக்க வகை எட்டே எட்டு வாங்கப்பட்டது. அவையும் சிங்கப்பூருக்கு உடனே வரவில்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள லூக் தளத்தில் விமானிகள் பழகிய பிறகே, 1990இல் தாயகம் சேர்ந்தன.

தொலைவைப் பார்க்கும் கண்கள்

இரண்டு நிமிட வானம் உள்ள நாட்டுக்குப் போர் விமானத்தைவிட முன்னெச்சரிக்கை முக்கியம். எதிரி விமானம் கரையைத் தொடும்போதுதான் தெரிகிறது என்றால், அதைத் தடுக்கும் விமானம் தரையைவிட்டு எழுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பூமியின் வளைவு காரணமாகத் தரையில் உள்ள ரேடாருக்குத் தாழப் பறந்து வரும் விமானம் கடைசி நேரம் வரை தெரியாது. ரேடாரை உயரத்தில் வைக்கலாமென்றால் சிங்கப்பூரின் மிக உயர்ந்த மேடான புக்கிட் தீமா குன்றே 163 மீட்டர்தான்.

எனவே, ரேடாரையே வானில் ஏற்ற வேண்டியதாயிற்று. 1987இல் நான்கு ஈ-2சி ஹாக்ஐ விமானங்கள் சேவைக்கு வந்தன. முதுகில் வட்டத்தட்டு சுமந்து பறக்கும் இவ்வகை விமானம் அமெரிக்கக் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல்களுக்காக உருவாக்கப்பட்டது. நகராத விமானந்தாங்கிக் கப்பல் என்று சிங்கப்பூரை யாராவது வருணித்தால் அதில் மிகை அதிகமில்லை. பின்னர் இவற்றின் இடத்தை ரேடார் பொருத்தப்பட்ட கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி-550 விமானங்கள் எடுத்துக்கொண்டன.

இதற்கிடையில் நகரமே ஒரு தடையாக வளர்ந்தது. அடுக்குமாடிக் கட்டடங்கள் தரை ரேடார்களின் பார்வையை மறைக்கத் தொடங்கின. 2014இல் அன்றைய தற்காப்பு அமைச்சர் இங் எங் ஹென், கயிற்றால் தரையோடு பிணைக்கப்பட்ட 55 மீட்டர் நீள பலூன் ஒன்றை 600 மீட்டர் உயரத்தில் நிறுத்தப்போவதாக அறிவித்தார். அதில் உள்ள ரேடார் 200 கிலோமீட்டர் தொலைவு வரை பார்க்கும் என்று கூறப்பட்டது. விமானம் இடைவிடாது பறந்தால் எரிபொருளும் ஆளும் செலவாகும். பலூன் நாள் முழுதும் சும்மா நிற்கும்.

வெளிநாட்டில் வாழும் படை

இனி பயிற்சி. போர் விமானி ஒருவர் தேர்ச்சி பெற, வானில் துரத்தவும் திரும்பவும் குண்டு வீசிப் பழகவும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் திறந்தவெளி வேண்டும். தென்சீனக் கடலின் மேல் சிறிது இடம் உண்டு, அது போதாது. ஆகவே சிங்கப்பூர் பிற நாடுகளில் இடம் கேட்டது.

ஒரு சிங்கப்பூர் விமானியின் வாழ்க்கைப் பாதையே இதைக் காட்டும். தொடக்கப் பயிற்சி மேற்கு ஆஸ்திரேலியாவின் பியர்ஸ் தளத்தில், பிசி-21 விமானத்தில். தேறியவர் போர் விமானப் பிரிவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டால் பிரான்ஸின் தென்மேற்கில் உள்ள கசோ தளம். 1998 முதல் அங்கே ஸ்கைஹாக் பறந்தது, இப்போது எம்-346 பறக்கிறது. அடுத்து அமெரிக்கா: எஃப்-16 என்றால் லூக், எஃப்-15 என்றால் ஐடஹோ மாநிலத்தின் மவுண்டன் ஹோம். ஹெலிகாப்டர் விமானிகளுக்கு ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லந்தில் ஓக்கி. இந்தியாவும் இந்தப் பட்டியலில் உண்டு. மேற்கு வங்கத்தின் கலைக்குண்டா விமானத்தளத்தில் சிங்கப்பூர் ஆகாயப்படை பயிற்சி பெற 2007இல் உடன்பாடு கையெழுத்தானது.

ஐந்து நாடுகளின் வானத்தில் பறந்து பழகியவர்கள் என்பதில் பெருமை உண்டு. ஆனால் விருந்தாளியின் நிலைமையும் அதில் உண்டு. அனுமதி கொடுத்தவர் திரும்பப் பெறவும் முடியும். மலேசியாவுடனான உறவு கசந்திருந்த 1998 செப்டம்பரில், தன் வான்வெளியைச் சிங்கப்பூர் ஆகாயப்படை பயன்படுத்த அளித்திருந்த அனுமதியை மலேசியா விலக்கிக்கொண்டது. வீட்டு வாசலிலிருந்து தெருவுக்கு இறங்கவே பக்கத்து வீட்டாரைக் கேட்க வேண்டிய நிலையில் உள்ளவருக்கு அது எத்தகைய நெருக்கடி என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2018 இறுதியில் சிலேத்தார் விமான நிலையத்தின் தரையிறங்கு முறை, ஜொகூரின் பாசிர் கூடாங் பகுதிக்கு மேலான வான்வெளி ஆகியவை பற்றி இரு நாடுகளுக்கும் இடையே மீண்டும் பூசல் மூண்டு, சில மாதங்களில் பேச்சுவார்த்தையால் தணிந்தது. இங்கே மலேசியாவின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். தன் எல்லைக்குள் அண்டை நாட்டுப் போர் விமானங்கள் வந்துபோவதை எந்த நாடும் எளிதாக ஏற்றுக்கொள்ளாது. இந்தோனேசியாவுடனான தற்காப்பு ஒத்துழைப்பு உடன்பாடும் நெடிய இழுபறிக்குப் பின்னரே முடிவுக்கு வந்தது. 2007இல் ஒருமுறை கையெழுத்தாகி நடைமுறைக்கு வராமல் போன அது, 2022இல் மீண்டும் கையெழுத்தாகி, 2024 மார்ச்சில்தான் நடப்புக்கு வந்தது.

அன்றாடப் பணிகள்

இப்படை இதுவரை எந்த நாட்டோடும் வான் போரில் ஈடுபட்டதில்லை. அதன் நோக்கமே போர் நேராமல் தடுப்பது. பெரிய மீன்கள் சிறியவற்றை விழுங்கும் உலகில் சிங்கப்பூர் நஞ்சுள்ள இறாலாக இருக்க வேண்டும் என்ற லீ குவான் யூவின் அறுபதுகளின் உவமை இன்றும் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது.

அன்றாட வேலை வானத்தைக் காவல் காப்பது. 2008 ஜனவரியில் தாய்லந்தின் கோ சாமுய் தீவிலிருந்து பயணத் திட்டம் அளிக்காமல் ஒரு சிறு செஸ்னா விமானம் சிங்கப்பூரை நெருங்கியது. இரண்டு எஃப்-16 விமானங்கள் எழும்பி அதை இடைமறித்தன. சாங்கி விமான நிலையம் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் மூடப்பட்டது. தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்புடைய நிகழ்வும் ஒன்று உண்டு. 2024 அக்டோபர் 15 அன்று மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் வெடிகுண்டு இருப்பதாக மின்னஞ்சல் வந்தது. இரண்டு எஃப்-15 எஸ்ஜி விமானங்கள் சென்று, மக்கள் நெருக்கமாக வாழும் பகுதிகளைத் தவிர்த்து அதை அழைத்து வந்தன. இரவு பத்து மணியளவில் விமானம் சாங்கியில் பத்திரமாக இறங்கியது.

பேரிடர் உதவியில் ஹெலிகாப்டர்களே முன்னிற்கின்றன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் சுமத்ராவின் மேலாபோ நகரம் சாலைத் தொடர்பற்றுத் துண்டிக்கப்பட்டிருந்தது. சிங்கப்பூரின் சினூக், சூப்பர் பூமா ஹெலிகாப்டர்கள் உணவும் மருந்தும் மருத்துவர்களும் கொண்டு சென்றன. அடுத்த ஆண்டு அமெரிக்காவைக் கத்ரீனா சூறாவளி தாக்கியபோது, வெளிநாடுகளிலிருந்து வந்த முதல் உதவிகளில் சிங்கப்பூரின் நான்கு சினூக் ஹெலிகாப்டர்களும் அடங்கும். அவை பசிபிக் பெருங்கடலைக் கடந்து வரவில்லை. பயிற்சிக்காக ஏற்கெனவே டெக்சஸ் மாநிலத்தில்தான் இருந்தன. வானமில்லாத குறையால் அங்கே போனவர்கள் லூசியானா மக்களைத் தூக்கிக் காப்பாற்றினர்.

ஓடுபாதையும் வீடும் கல்லறையும்

நிலத்தின் கதை இன்னும் சிக்கலானது. விமானத்தளம் ஒன்றுக்கு ஓடுபாதை மட்டும் போதாது. சத்தம், பாதுகாப்பு, விமானம் இறங்கும் வழியில் கட்டட உயரக் கட்டுப்பாடு என்று சுற்றிலும் பெரும்பகுதி முடங்கும். ஆறு மில்லியன் மக்கள் வாழும் தீவில் அது பெரிய விலை.

தளங்கள் தாக்கப்பட்டால் மாற்று வழியாகப் பொதுச் சாலையையே ஓடுபாதையாக்கும் பயிற்சி 1986 முதல் நடத்தப்பட்டு வந்துள்ளது. தெங்காவை ஒட்டிய லிம் சூ காங் சாலையில் விளக்குக் கம்பங்கள், பேருந்து நிறுத்தங்கள், பலகைகள், மரத்தொட்டிகள் அனைத்தும் அகற்றப்பட்டு, இரண்டு நாளுக்குள் 2,500 மீட்டர் நீளமும் 24 மீட்டர் அகலமும் உள்ள ஓடுபாதை உருவாகும். முதல்நாள் லாரி போன சாலையில் எஃப்-15 இறங்கும்.

2013இல் பிரதமர் லீ சியன் லூங், பாய லேபார் தளத்தை 2030க்குப் பின் இடமாற்றப்போவதாக அறிவித்தார். 1981இல் சாங்கி திறக்கும் வரை நாட்டின் பன்னாட்டு விமான நிலையமாக இருந்தது பாய லேபார். அங்குள்ள விமானங்கள் தெங்காவுக்கும் சாங்கிக்கும் போக வேண்டும். அதற்குத் தெங்கா விரிவடைய வேண்டும். விரிவாக்கத்துக்குத் தேவைப்பட்ட நிலத்தின் ஒரு பகுதி சுவா சூ காங் இடுகாடு. அங்கிருந்து ஏறத்தாழ 45,500 சீனர் கல்லறைகளையும் 35,000 முஸ்லிம் கல்லறைகளையும் தோண்டி எடுத்து மாற்றுவதாக 2017இல் அறிவிக்கப்பட்டது. முன்னோர் நினைவு நாளில் குடும்பத்தோடு போய் வழிபட்டுவந்த இடம் விமானத்தளத்துக்குப் போவது எந்தச் சமூகத்துக்கும் எளிதானது அல்ல. சிங்கப்பூரர் ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்காக அது சிறிய இழப்பாகிவிடாது.

அடுத்த தலைமுறைப் போர் விமானமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும் எஃப்-35இலும் இந்தக் கணக்கு தெரிகிறது. முதலில் வாங்க முடிவானது குறுகிய இடத்தில் எழும்பி, செங்குத்தாக இறங்கக்கூடிய பி வகை. பன்னிரண்டு விமானங்கள், 2026 முதல் வரத் திட்டம். நீண்ட தொலைவு பறக்கும் ஏ வகையில் எட்டு வாங்கும் முடிவு 2024இல் வந்தது. விமானிகள் பழகப்போவது அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில். பாய லேபாரில் விடுபடும் 800 ஹெக்டேர் நிலத்திலும் சுற்றுப்புறத்திலும் காலப்போக்கில் ஏறத்தாழ 150,000 வீடுகள் எழும் என்பது அரசின் கணக்கு.